டிக்கெட் இல்லாத கணக்குகள்

மார்ச் 4. 7 × 8 = 54
மார்ச் 7. 1000 − 387 = 623
மார்ச் 18. 1/2 + 1/3 = 2/5
ஏப்ரல் 1. 3.45, 3.5 இரண்டில் பெரியது 3.45
ஏப்ரல் 15. ஒரு முக்கோணத்தின் கோணங்கள் 62, 71, 57
மே 9. 15-இல் 20 சதவீதம் = 5

இந்த ஆறும் தப்பு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் உள்ள நாற்பது வரிகளில் ஆறு வரிகள் இவை. மீதி முப்பத்து நான்கும் தப்புதான். எழுதியவர் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுத்துவரும் ஒரு டீச்சர். அவர் தெரியாமல் செய்த தப்பு அந்த நோட்டில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் யோசித்து, தேர்ந்தெடுத்து, தேதி போட்டுச் செய்தவை.

பள்ளிக்கூடத்தில் அவருக்குச் செக்கிங் டீச்சர் என்று பெயர். அவருடைய அப்பா பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஒன்பது வயதில் விடுமுறை நாட்களில் அப்பாவோடு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியிருக்கிறார். அப்பா பஸ்ஸில் ஏறியதும் யாரிடமும் டிக்கெட் கேட்க மாட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இந்த வண்டியில ஒருத்தர் டிக்கெட் எடுக்கல" என்று மட்டும் சொல்வார். உடனே பஸ் முழுக்கக் கைகள் சட்டைப்பைக்கும் கைப்பைக்கும் போகும். டிக்கெட்டைக் கையில் பிடித்திருப்பவர்கூட ஒரு தடவை அதைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து உட்காருவான். அந்த ஒரு வாக்கியம் செய்கிற வேலையைப் பார்த்து வளர்ந்தவர் டீச்சர்.

சந்தேகம் அவருக்கு ரத்தத்திலேயே ஊறியது. கதவைப் பூட்டியபின் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். கடையில் பில்லைக் கையில் வாங்குவதற்கு முன்பே, தலைகீழாகவே கூட்டி முடித்துவிடுவார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவர் கணவர், வீட்டுக்கு வரும் எல்லோரிடமும் ஒரே கதையைச் சொல்வார்: "முதல் தடவை பேசினப்பவே என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தவ இவ. போட்டோவையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, 'சரி, நீங்கதான்'னு சொன்னா. அதைத்தான் இன்னிவரைக்கும் சம்மதம்னு நினைச்சுட்டிருக்கேன்."

வகுப்பில் டீச்சர் வைத்திருந்த வழக்கம் இதுதான். வருடத்தின் முதல் நாள் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்வார்: "தினமும் ஒரு கணக்கு டிக்கெட் எடுக்காம வரும். எதுன்னு சொல்ல மாட்டேன். நீங்கதான் பிடிக்கணும்." அதற்குப்பின் எந்தப் பிள்ளையும் கண்ணை மூடி எழுதியது கிடையாது. தப்பான கணக்கு வந்த மூன்றாவது நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் "டிக்கெட்!" என்று கத்திவிடுவார். கத்தியவர் எழுந்து வந்து அழித்துச் சரியாக எழுத வேண்டும். டீச்சருக்கு அபராதம்: அதே கணக்கை அவர் மூன்று முறை எழுத வேண்டும். மணி அடிக்கும்வரை ஒருவரும் பிடிக்காவிட்டால், "இன்னிக்கு ஒருத்தர் ஓசியிலயே ஊர் போய்ச் சேர்ந்துட்டார்" என்று சொல்லி டீச்சரே காட்டிக்கொடுப்பார். அப்படி நடப்பது வருடத்துக்கு நான்கைந்து நாள்தான்.

ஒரு பிப்ரவரி மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து திட்ட அலுவலர் லேப்டாப்பும் கையுமாக வந்தார். அறுபத்து மூன்று பள்ளிகளில் கணக்குக்கு ஆளே இல்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பெரிய டி.வி. கொடுத்து, பாடங்களைப் பதிவுசெய்து அனுப்பப்போகிறார்கள். ஆறாம் வகுப்புக்கு நாற்பது பாடம். ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிடம்.

டீச்சர் கேட்ட முதல் கேள்வி, "பதிவு பண்ணி முடிச்சப்புறம் நான் எதுக்கு?" என்பது. இரண்டாவது கேள்வி, "பிள்ளைங்க தூங்கினா உங்க டி.வி.க்குத் தெரியுமா?"

"நீங்க இல்லாம எப்படி மேடம்" என்று முதல் கேள்விக்குப் பதில் சொன்ன அலுவலர், இரண்டாவதுக்குச் சிரித்தார். சிரிப்பைப் பதிலாக ஏற்றுக்கொள்கிறவர் இல்லை டீச்சர். ஆனால் அடுத்ததாக அவர் சொன்னது மனதில் தைத்தது. "அந்தப் பிள்ளைங்களுக்கு ரெண்டு வருஷமா கணக்கே இல்ல மேடம். ஓவிய ஆசிரியர் வந்து புத்தகத்தைச் சத்தமா வாசிச்சுட்டுப் போறார். உங்க பாடம் போய்ச் சேர்ந்தா உண்டு. இல்லேன்னா இந்த வருஷமும் போச்சு."

டீச்சர் ஒப்புக்கொண்டார்.

மார்ச் 4 முதல் மே 9 வரை, செவ்வாயும் வெள்ளியும், நாளுக்கு இரண்டு பாடமாக இருபது நாள். அலுவலகத்தின் பின்பக்கம் ஓர் அறை. சுவர் முழுக்கப் பச்சைத் துணி, நடுவில் ஒரு கரும்பலகை. சத்தம் பதிவாகும் என்று மின்விசிறியைப் போட மாட்டார்கள். கேமராக்காரர் ஓர் இளைஞர். கேமராவின் நெற்றியில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பேசச் சொன்னார்.

"இது கொட்டாவியே விட மாட்டேங்குதே தம்பி" என்றார் டீச்சர்.

"நான் விடறேன் மேடம், அது போதாதா?"

முதல் பாடத்தில் முதல் இரண்டு நிமிடம் பத்து வினாடி, டிக்கெட் விதியை விளக்கினார். பிறகு நாற்பது பாடத்திலும் நாற்பது கணக்கை டிக்கெட் இல்லாமல் ஏற்றி அனுப்பினார். பிடித்த பிள்ளைகள் டி.வி.யிலேயே உள்ள கேள்விப் பெட்டியில் எழுதுவார்கள், தினமும் தனக்கு வந்து சேரும் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு பாடமும் முடிந்தவுடன் தப்பைத் தேதியோடு நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஜூன் 10-ஆம் தேதி முதல் பாடம் ஒளிபரப்பானது. அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வாரத்துக்கு இரண்டு. ஜூலை 16 புதன்கிழமை அலுவலர் டீச்சரை அழைத்தபோது பதினோரு பாடம் போயிருந்தது. பிடிபட்ட டிக்கெட் ஒன்றுகூட இல்லை.

அலுவலர் திரையைத் திருப்பிக் காட்டினார். "ரெண்டாயிரத்து நூத்து நாப்பது பிள்ளைங்க. தொண்ணூத்து நாலு சதவீதம் முழுசா பார்த்திருக்காங்க மேடம். இந்தப் பச்சைக் கோட்டைப் பாருங்க, எப்படி ஏறுதுன்னு."

"ஏறுது சார். ஒருத்தர்கூட டிக்கெட் கேட்கலையே?"

"என்ன டிக்கெட்?"

டீச்சர் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "முதல் பாடம் நீங்க பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேனே. அருமை."

"முழுசா?"

"முழுசா மேடம். ஆரம்பப் பாட்டு வர்றதுலேர்ந்து கடைசி வரைக்கும்."

முதல் பாடத்தின் முதல் இரண்டு நிமிடமும் டிக்கெட் பேச்சுதான். அதை முழுசாகப் பார்த்தவர் என்ன டிக்கெட் என்று கேட்கிறார். பொய் சொல்கிறார் என்று டீச்சர் அந்த இடத்திலேயே முடிவுகட்டினார். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்கிறவர், பார்க்காத பிள்ளைகளையும் பார்த்தார்கள் என்று எழுத மாட்டாரா?

"கேள்விப் பெட்டியில என்ன வந்துது?"

"அதை மூடிட்டோம் மேடம். நாலு நாள்தான் திறந்து வச்சோம். 'ஹாய்', 'ஹாய் ஹாய்', அப்புறம் பூனைப் படம். நானூறு பூனை வந்துது. யாரால முடியும்?"

"மூடினதை எனக்குச் சொல்லவே இல்லையே."

"பூனைக்காகவா மேடம் உங்களைத் தொந்தரவு பண்றது?"

வீட்டுக்கு வந்து கைப்பையை வைக்கும்போதே டீச்சர் ஆரம்பித்துவிட்டார். "அந்த நாலு நாள்ல ரெண்டு பாடம் போயிருக்கு. ரெண்டாயிரம் பிள்ளை. ஏழெட்டு அம்பத்து நாலுன்னு சொல்லியிருக்கேங்க! என் வகுப்புல நாப்பது பேர் கூரையைப் பிச்சிருப்பாங்க. அங்க பூனைப் படம் அனுப்பியிருக்காங்களாம். எவனும் பார்க்கல. நம்பரை இவங்களே உட்கார்ந்து போடறாங்க."

கணவர் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என் கடைக்கு வர்றவங்களுக்குத் தப்பான நம்பர் கண்ணாடியைப் போட்டு, தெரியுதான்னு கேட்டாலும், 'நல்லாத் தெரியுது'ன்னுதான் முதல்ல சொல்றாங்க. தெரியலேன்னு சொல்ல மனசு வராது. மெஷின் வச்சுப் பார்த்தவன் தப்பாவா கொடுப்பான்னு நினைச்சுக்கறாங்க."

"உங்க கடைக்கு வர்றவங்களுக்கு அம்பது வயசு. பிள்ளைங்களுக்கு வெட்கம் கிடையாது."

"சரிம்மா. எதுக்கும் நேர்ல போய்ப் பாரேன். உனக்குத்தான் செக்கிங் பண்ணாம தூக்கம் வராதே."

விளையாட்டாகச் சொன்னதை டீச்சர் அப்படியே பிடித்துக்கொண்டார். ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அலுவலகம் முன்கூட்டியே போன் போட்டு எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிடும். டி.வி.யில் பார்த்தவர்கள் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று, கணவர் கடையிலிருந்து பவர் இல்லாத அகலமான கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். காலை 6.10 பஸ். 9.25-க்கு இறங்கி, அறுபத்து மூன்றில் ஒரு பள்ளிக்கூடத்தை விசாரித்துப் போய்ச் சேர்ந்தார்.

அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்பவர் மொழிப்பாடம் நடத்தும் டீச்சர். "அலுவலகத்துலேர்ந்து பார்க்க வந்திருக்கேன்" என்றதும், நாற்காலியைத் துடைத்துப் பின்வரிசையில் போட்டார். முப்பத்து நான்கு பிள்ளைகள். டி.வி. சுவரில், கரும்பலகைக்கு மேலே. டி.வி. இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதே செக்கிங் டீச்சருக்கு முதல் அடி.

பாட்டு ஓடி, திரையில் அவர் முகம் வந்தது. முன்வரிசைப் பையன் ஒருவன் திரையைப் பார்த்தான், திரும்பிப் பின்னால் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"டேய், அந்த டீச்சர் மாதிரியே இருக்காங்கடா."

"போடா. அவங்க இவ்ளோ குட்டை இல்ல."

பத்தொன்பதாவது பாடம், பரப்பளவு. செவ்வகத்தின் நீளம் 12, அகலம் 5. திரையில் இருந்த டீச்சர், சிரித்த முகத்தோடு, பரப்பளவு 34 என்று எழுதினார். நாற்காலியில் இருந்த டீச்சர் வரிசை வரிசையாகக் கைகளைப் பார்த்தார்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண்ணின் கை பாதி எழுந்தது. காதுவரை வந்து நின்றது. அவள் மொழி டீச்சரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், கையை இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டாள். பிறகு குனிந்து எழுதினாள். முப்பத்து நான்கு பேரும் எழுதினார்கள். யாரும் தூங்கவில்லை. யாரும் விளையாடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவ்வளவு ஒழுங்கான வகுப்பை டீச்சர் பார்த்ததே கிடையாது.

பாடம் முடிந்ததும் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து நோட்டை வாங்கினார். மணி மணியான எழுத்து. விடைகளுக்கு ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு. பரப்பளவு 34. பக்கத்தைப் பின்னோக்கித் திருப்பினார். பாதியும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு, சிவப்புக் கோட்டோடு. ஏழெட்டு ஐம்பத்து நான்கு, சிவப்புக் கோட்டோடு. சில விடைகளுக்கு அருகே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், பென்சிலால் ஒரு புள்ளி.

"இது என்ன புள்ளி?"

"சும்மா மிஸ்."

"சும்மா யாராவது புள்ளி வைப்பாங்களா? திட்ட மாட்டேன், சொல்லு."

"அது... அங்கெல்லாம் எனக்கு வேற விடை வருது மிஸ். திரும்பத் திரும்பப் போட்டாலும் வேறதான் வருது. டி.வி. டீச்சர் தப்பா சொல்ல மாட்டாங்க இல்ல? அதனால புரியாத இடத்துக்குப் புள்ளி வச்சுப்பேன். அப்புறமா யார்கிட்டயாவது கேட்கலாம்னு."

"கேட்டியா?"

அவள் மொழி டீச்சர் இருக்கும் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கேட்டேன். மேல என்ன இருக்கோ அதை எழுதுன்னாங்க. எனக்குக் கணக்கு வராது மிஸ்."

டீச்சர் புள்ளிகளை எண்ணினார். அதற்கு முன் போயிருந்தவை பதினெட்டுப் பாடம். பதினான்கு புள்ளி. எல்லாம் அச்சுப் பிசகாமல் அவர் தப்பு வைத்த இடங்கள். பதினெட்டில் பதினான்கு டிக்கெட்டைத் தனியாகப் பிடித்த பிள்ளை, தனக்குக் கணக்கு வராது என்கிறாள்.

வெளியே வந்ததும் மொழி டீச்சரைப் பிடித்தார். "முதல் பாடத்துல டிக்கெட்னு ஒண்ணு சொன்னாங்களே, அதைப் பிள்ளைங்களுக்கு விளக்கலையா நீங்க?"

"டிக்கெட்டா? முதல் பாடத்தை நான் பார்த்தேங்க. பாட்டு முடிஞ்சதும் நேரா ஏழாம் வாய்ப்பாடுதான். டிக்கெட்டும் இல்ல, பஸ்ஸும் இல்ல."

பஸ் நிறுத்தத்தில்தான் கண்ணாடியைக் கழற்றவில்லை என்பதே டீச்சருக்கு நினைவு வந்தது. இதுவரை நம்பர் பொய் என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். நம்பர் உண்மை என்றால், இரண்டாயிரத்துச் சொச்சம் நோட்டில் ஏழெட்டு ஐம்பத்து நான்கு சிவப்புக் கோட்டோடு இருக்கிறது. கணக்குக்கு வேறு ஆள் இல்லாத பிள்ளைகள். முதல் இரண்டு நிமிடத்தை யாரோ வெட்டி எறிந்திருக்கிறார்கள். யார்? கேமராக்காரரா, அலுவலரா? ஊர் வந்து சேரும்வரை இரண்டு பேரையும் மனதுக்குள் மாறி மாறி நிறுத்தி விசாரித்தார்.

மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார்.

"யார் வெட்டினது?" என்றுதான் கேட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

கேமராக்காரர் பயப்படவில்லை. "நான்தான் மேடம். பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. பாட்டு வேற போடணும். பாடம் இல்லாத பகுதின்னு அதை எடுத்தேன். படிவத்துல எழுதித்தானே அனுப்பினேன்?" என்று கோப்பை எடுத்து விரித்தார்.

பாடம் ஒன்று. நீக்கப்பட்ட பகுதி: 0.00 முதல் 2.10 வரை. ஆசிரியர் முழுமையாகப் பார்த்து ஒப்புதல் அளித்தார். கீழே கையெழுத்து. மே 14. நாற்பது படிவம், நாற்பது கையெழுத்து, எல்லாம் ஒரே பேனா.

கையெழுத்து டீச்சருடையதுதான். மே 14 அன்று அவரை உட்காரவைத்து முதல் பாடத்தைத் திரையில் போட்டார்கள். பாட்டு முடிந்து தன் முகம் அவ்வளவு பெரிதாக வந்ததும், தன் குரல் யாரோ ஒருவருடைய குரல்போலக் கேட்டதும், உடம்பெல்லாம் கூசிப்போனது. அரை நிமிடம்கூடப் பார்க்க முடியவில்லை. "சரியாத்தான் இருக்கும் தம்பி, நிறுத்துங்க" என்று சொல்லி, நாற்பதிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். கடைக்காரன் பில்லைத் தலைகீழாகக் கூட்டுகிறவர், தன் பாடத்தை நேராகக்கூடப் பார்க்கவில்லை.

"கணக்கு தப்பா இருக்கேன்னு உங்களுக்குத் தோணலையா தம்பி?"

"கணக்குன்னாலே எனக்கு அலர்ஜி மேடம். நான் சத்தம் கரெக்டா இருக்கான்னு மட்டும்தான் பார்ப்பேன்."

படிவத்தில் இன்னொரு கட்டம் இருந்தது: வேறொரு கணக்கு ஆசிரியர் சரிபார்த்தாரா? நாற்பதிலும் 'தேவையில்லை' என்று எழுதி அலுவலர் ஒப்பமிட்டிருந்தார்.

"இது ஏன் சார் இப்படி?"

அலுவலர் நெளிந்தார். "உங்களைச் செக் பண்ண ஒரு ஆளைப் போடறதா மேடம்? யாரைக் கேட்டாலும், 'செக்கிங் டீச்சர் பாடத்துல நான் என்னத்தைப் பார்க்கறது'ன்னு ஓடிட்டாங்க."

டீச்சர் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நாற்பது வரி. அலுவலர் முதல் பக்கத்தைப் படித்தார், ஏழெட்டு ஐம்பத்தாறு என்று விரல்விட்டு ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார், பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மேடம், பதறாதீங்க. இன்னும் இருபத்தொரு பாடம் போகல. அதையெல்லாம் சத்தமில்லாம திருத்திடலாம். போன பத்தொன்பதையும் திருத்தி மாத்திடலாம். யாருக்கும் தெரியாது."

"நோட்டுல எழுதினதை யார் திருத்துவா?"

"பிள்ளைங்கதானே, மறந்துடுவாங்க."

"மறக்க மாட்டாங்க சார். சரியா போட்ட பிள்ளை தனக்குக் கணக்கு வராதுன்னு நினைச்சுட்டிருக்கு. நீங்க டி.வி.யைத் திருத்திட்டா, அது அப்படியே நினைச்சுட்டுப் போயிடும். நான் போய்ச் சொல்லணும். நான்தான் தப்பு சொன்னேன், நீதான் சரின்னு. அதே டி.வி.யில."

"அலுவலகமே தப்பா சொல்லிக்கொடுத்துச்சுன்னு பேசுவாங்க மேடம். மேலிடத்துக்கு நான் என்ன எழுதறது?"

"என் பேர்ல எழுதுங்க."

அலுவலர் எழுதினார். கவனக்குறைவு காரணமாக என்று ஆரம்பித்த, விளக்கம் கேட்கும் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு டீச்சர் திருப்பிக் கொடுத்தார். "தப்பை நான் கவனமாத்தான் பண்ணேன் சார். கவனக்குறைவு கையெழுத்துல மட்டும்தான். அதைத் தனியா எழுதுங்க." அலுவலர் இரண்டாகப் பிரித்து எழுதினார். அடுத்த வருடப் பதிவுக்கான பட்டியலிலிருந்து டீச்சர் பெயர் நீக்கப்பட்டது. டீச்சர் படித்து, இம்முறை ஒவ்வொரு வரியாகப் படித்து, கையெழுத்திட்டார்.

ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 19-இல் பதிவான புதிய பாடம், 26-ஆம் தேதி அறுபத்து மூன்று பள்ளிகளுக்கும் போனது. அதில் டீச்சர் சொன்னார்: "இதுவரைக்கும் பத்தொன்பது பாடத்துல பத்தொன்பது தப்பு சொல்லியிருக்கேன். வேணும்னே சொன்னேன். முதல்லயே உங்களுக்குச் சொல்லியிருக்கணும், சொன்னது உங்ககிட்ட வந்து சேரல. அந்த இடத்துல உங்களுக்கு வேற விடை வந்திருந்தா, நீங்கதான் சரி, நான்தான் தப்பு. இனிமே வர்ற இருபத்தொரு பாடத்துலயும் ஒவ்வொண்ணு இருக்கு. பிடிச்சு எனக்குக் கடிதம் எழுதுங்க." தன் பள்ளியின் முகவரியை இரண்டு முறை நிதானமாக வாசித்தார். போன பத்தொன்பதுக்கும் சரியான விடைகள் அச்சடித்துத் தனியாக அனுப்பப்பட்டன. இனி ஒரு பாடத்தின் விடை, அடுத்த பாடத்தின் கடைசியில் திரையில் எழுத்தில் வரும் என்று ஏற்பாடு.

முதல் கடிதம் செப்டம்பர் 1, திங்கட்கிழமை வந்தது. அந்த வாரம் பதினேழு. பிறகு பியூன், "மிஸ், உங்களுக்கு ரசிகர் மன்றம் ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று கேட்கிற அளவுக்குக் கட்டுக் கட்டாக வந்தது. புள்ளி வைத்த பெண் இரண்டாவது வாரம் எழுதியிருந்தாள். ஒரு பக்கம் முழுக்கக் கணக்கு, கடைசியில் ஒரே வரி: 'அன்றைக்கு வந்தது நீங்கள்தான் என்று பையன்கள் சொல்கிறார்கள், நான் நம்பவில்லை.' டீச்சர் எந்தப் பள்ளியிலிருந்து எது வந்தது என்று தனித் தாளில் குறித்துக்கொண்டே வந்தார். அக்டோபர் 31-இல் அறுபத்திரண்டு பள்ளிகளிலிருந்து வந்திருந்தது.

வராதது ஒன்று. அலுவலகத் திரையில் அந்தப் பள்ளிதான் முதலிடம். முதல் பாடத்திலிருந்து அன்றுவரை நூறு சதவீதம்.

"நூறுன்னா நம்ப முடியலையே சார்" என்றார் டீச்சர் போனில். "ஒரு பிள்ளைக்குக்கூடவா காய்ச்சல் வராது?"

"டி.வி. ஓடினா, அந்த வகுப்புல பேர் இருக்கற எல்லாரும் பார்த்ததா ஏறும் மேடம். அந்தப் பள்ளியில ஒரு நாள்கூட டி.வி.யை நிறுத்தினதில்ல."

அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் டீச்சரே பேசினார். "எல்லாம் பிரமாதமா போகுது மேடம்" என்று அவர் சொன்ன வேகத்திலேயே டீச்சருக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. பஸ் நேரம் விசாரித்து வைத்துக்கொண்டார். அதற்குள் கடிதம் வந்துவிட்டது.

இருபத்தெட்டுப் பிள்ளைகள் கையெழுத்திட்ட கடிதம். 'டீச்சர், நாங்கள் உங்களைப் பார்த்ததில்லை. டி.வி. திருடு போய்விடும் என்று தலைமையாசிரியர் அறையில் வைத்திருக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் அதைப் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டிவிடுவார்கள். எங்கள் வகுப்பு பக்கத்து அறை. சுவருக்கு மேலே திறப்பு இருப்பதால் சத்தம் கேட்கும். நீங்கள் எழுதுவது தெரியாததால் நாங்களே எழுதிக்கொள்வோம். பதினொரு டிக்கெட் பிடித்திருக்கிறோம்.'

டீச்சர் நோட்டோடு ஒத்துப் பார்த்தார். பத்து சரி. பதினொன்றாவது நோட்டில் இல்லை. இருபத்தேழாவது பாடம்: 2 மணி 45 நிமிடத்தோடு 1 மணி 30 நிமிடத்தைக் கூட்டினால் 4 மணி 5 நிமிடம் என்று நீங்கள் சொன்னீர்கள், 15 நிமிடம் அல்லவா என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பாடத்தில் டீச்சர் வைத்த தப்பு வேறு. அதையும் அவர்கள் பிடித்திருந்தார்கள்.

சுவரைத் தாண்டி வந்த சத்தத்தில் ஏதோ குழப்பம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனாலும் கேமராக்காரரிடம் போய் அந்தப் பாடத்தைப் போடச் சொன்னார். தன் முகத்தைப் பார்த்தபடி, ஒன்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் கை கரும்பலகையில் 4 மணி 15 நிமிடம் என்று சரியாகவே எழுதியது. வாய் மட்டும், "நாலு மணி அஞ்சு நிமிஷம்" என்று தெளிவாகச் சொன்னது. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அஞ்சுதான். பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த அறுபத்திரண்டு பள்ளிகளில் ஒருவருக்கும் அது கேட்கவில்லை. அவருக்கே தெரியாமல் ஏறிய கணக்கு அது.

"சத்தம் கரெக்டா இருக்கான்னு பார்ப்பேன்னு சொன்னீங்களே தம்பி?"

"சத்தம் கரெக்ட்தான் மேடம்" என்றார் கேமராக்காரர், தலையைக் கவிழ்த்துக்கொண்டு.

டீச்சர் கடிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய், அலுவலர் முன்னால் வைத்தார். அவர் முதல் பத்தியை இரண்டு முறை படித்தார். பச்சைக் கோட்டைத் திரையில் வரவழைத்து, அந்தப் பள்ளியின் பெயரைத் தேடிப் பிடித்தார்.

"நாளைக்கே டி.வி.யை வகுப்புக்கு மாத்தச் சொல்றேன் மேடம். நானே போய் நின்னு மாத்தறேன். நாற்பது பாடத்தையும் முதல்லேர்ந்து போடச் சொல்றேன்."

"பூட்டின அறைக்கு நூறு சதவீதம் கொடுத்திருக்கீங்களே, அது?"

"அதை அடிச்சுடறேன். இந்தக் கடிதம் வந்த தேதி வரைக்கும் பூஜ்யம்னு போடணும். என்னிக்கு வந்துது?"

உறையைப் பார்க்கத் தேவையில்லாமலே டீச்சர் சொன்னார்: "நவம்பர் 17, திங்கட்கிழமை."